வழுக்குகிற சக்கரத்துக்கே வலு

இனிமேல் எந்தச் சேற்றிலும் தன் வண்டி மாட்டாது என்று ஞானசேகரன் சபதம் எடுத்தார். எடுத்தபோது அவர் உட்கார்ந்திருந்தது, சேற்றில் மாட்டிக்கொண்டிருந்த அதே வண்டியில்தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஜூன் மாதத்து மழை. பெங்களூரில் ஹெண்ணூர் தாண்டிப் புதிதாக மனை பிரித்த ஒரு லே-அவுட். ரோடு வருவதற்கு முன்பே வீடு வந்துவிட்ட இடம். அங்கே ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். கேக், அவர் மனைவி நோரா செய்தது. எடை மூன்றரைக் கிலோ. சுமந்து வந்தது, ஒரு டன் ஏற்றினாலும் அசராத பிக்கப் வண்டி.

வண்டியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஞானசேகரன் ஒரு அரசுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் பிட்டராக இருந்தவர். கைவேலையில் சூரர். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை; மீதியை மெஷினிடமே படித்துக்கொண்டார். நேற்றுக் காலேஜை விட்டு வந்த பையன்கள் எஞ்சினியர் என்று போர்டு மாட்டிக்கொண்டு, அவரிடமே வேலையைக் கற்றுக்கொண்டு, அவரையே "சேகர், இங்கே வா" என்று கூப்பிடுவார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆள், தன்னை எஞ்சினியர் என்று சொல்லிவிட மாட்டானா என்பது அவர் மனசில் கிடந்த ஏக்கம். அது நடப்பதற்குள் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. விருப்பம் தொழிற்சாலைக்கு, ஓய்வு இவருக்கு.

கிடைத்த தொகையில் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். வாடகைக்கு ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் சிமெண்ட் ஏற்றினால் பெயின்ட் போகும், கோழிக்கூண்டு ஏற்றினால் நாறும், மணல் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை இறங்கும் என்று வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். மூன்று மாதத்தில் அவர் குடியிருந்த லிங்கராஜபுரத்தில் அவரிடம் வண்டி கேட்பவர் யாரும் இல்லை. மிஞ்சிய ஒரே வாடிக்கை, நோராவின் கேக்.

அங்கேதான் சிக்கல். பிக்கப் வண்டி முதுகில் பாரம் இருந்தால் சாது. பாரம் இல்லாவிட்டால் பின் சக்கரங்களுக்கு மண்ணில் பிடிப்பே இருக்காது. மூன்றரைக் கிலோ கேக்கை அது பாரமாக மதிக்கவில்லை. லே-அவுட்டின் செம்மண் சேற்றில் இடது பின்சக்கரம் ராட்டினம்போல் சுற்றியது. வலது பின்சக்கரம் கெட்டி மண்மேல் ஜம்மென்று நின்றுகொண்டு, எனக்கென்ன வந்தது என்று வேடிக்கை பார்த்தது.

நோரா கீழே இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கேக் டப்பாவைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் திரும்பி வரும்வரை ஞானசேகரன் சீட்டை விட்டு இறங்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாராம்.

சபதம் எடுத்தவர் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு வாரம் அலைந்தார். அட்டை கிழிந்த வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைக் கட்டு ஒன்று கிடைத்தது. இங்கிலீஷ் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் படங்கள் அவரோடு தமிழில் பேசும். பேசியதை அன்று சாப்பாட்டு மேஜையில் இரண்டு பாத்திர மூடிகளையும் ஒரு பூரிக்கட்டையையும் வைத்து நோராவுக்கு விளக்கினார்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் ஓடினால் போதும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர் கத்தும், தேயும். அதனால் நடுவில் ஒரு பல்சக்கரக் கூட்டத்தை வைத்து, அவரவர் வேகத்தில் ஓடிக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். மெக்கானிக்குகள் அதைக் கிரவுன் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கு ஒரு கெட்ட புத்தி. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதன் பக்கமே எஞ்சினின் வலு ஓடிவிடும். வழுக்குகிற சக்கரத்துக்கே வலு. ஒழுங்காகத் தரையில் நிற்கிற சக்கரம் பட்டினி.

வெளிநாட்டு பிக்கப்புகளில் இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் சுற்றை எண்ணுகிற ஒரு கண். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஒரு சக்கரம் மட்டும் தறிகெட்டுச் சுற்றினால், அந்த ஒன்றுக்கு மட்டும் பிரேக்கைப் பிடிக்கும். அந்தப் பக்கம் வழி அடைபட்டதும் வலு மறுபக்கம் திரும்பும். அதற்கும் அடங்காவிட்டால் எஞ்சினின் வேகத்தையே குறைக்கும். எல்லாம் கண் இமைப்பதற்குள்.

நோரா மூடிகளை எடுத்துப் பாத்திரங்களை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ, சும்மா சுத்துறவனைப் பிடிச்சு வெச்சாத்தான் நிக்கிறவன் வேலை செய்வான்?"

"அதேதான்."

"எவ்வளவு அழுத்திப் பிடிக்கணும்? எப்போ விடணும்?"

அது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற சமாச்சாரம், உனக்குப் புரியாது என்றார் ஞானசேகரன். அந்த மேஜையில் அன்று கேட்கப்பட்ட ஒரே எஞ்சினியர் கேள்வி அதுதான். அது அவருக்குத் தெரியவில்லை.

அந்த வேலையைச் செய்கிற ஒரு பெட்டியைத் தானே செய்ய அவருக்கு ஒரு மாதம் ஆனது. சண்டே பஜாரில் இரண்டு பழைய வைப்பர் மோட்டார்கள் வாங்கினார். சக்கரத்தின் சுற்றை எண்ண, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தங்கள். நோராவின் முட்டை அடிக்கும் மெஷினிலிருந்து ஒரு சுவிட்ச் காணாமல் போனது. ஹேண்ட் பிரேக் கம்பியை இரண்டாகப் பிரித்து, இடது சக்கரத்துக்கு ஒரு மோட்டார், வலதுக்கு ஒரு மோட்டார் என்று மாட்டினார். வேறு இடம் இல்லாததால் இரண்டும் நோரா உட்காரும் சீட்டுக்கு அடியில் போயின. கம்பியைக் கையால் இழுத்துச் சரிபார்க்க இரண்டு இரும்புப் பிடிகளையும் அங்கேயே வைத்தார். டேஷ்போர்டில் இரண்டு சிவப்பு விளக்குகள். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அந்தப் பக்கத்து விளக்கு எரியும். மோட்டார் உறுமும். கம்பி இழுபடும்.

வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, தெருவே பார்க்கச் சோதனை நடந்தது. இடது சக்கரம் சுற்றியது. விளக்கு எரிந்தது. மோட்டார் உறுமியது. இடது நின்றது, வலது சுற்றியது. எதிர்வீட்டு நோயல் கைதட்டினார். நோயல் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். எதற்கும் கைதட்டுகிற நல்ல மனசுக்காரர்.

அடுத்த சனிக்கிழமை உண்மையான சேறு வந்தது. கல்கெரே பக்கம் ஒரு நிச்சயதார்த்தக் கேக். ஏரிக்கரைப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கியது, சுற்றியது. விளக்கு எரிந்தது. சீட்டுக்கு அடியில் மோட்டார் உறுமியது, நடுவில் ஏதோ கறகறவென்றது. இரண்டு நிமிஷம் வண்டி அசையவில்லை. ஞானசேகரனின் முகம் வாடிப்போனது. திடீரென்று வலது சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏறிவிட்டது.

அன்று வீடு வரும்வரை விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம். அந்த வருஷ மழையில் பெங்களூரின் வடக்கே எத்தனை சேறு உண்டோ அத்தனையிலும் இறங்கினார், ஏறினார். நல்ல ரோடு இருக்கிற இடத்துக்கும் சேற்று வழியாகப் போனார். ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. வண்டி சேற்றில் இறங்கினால் போதும், நோரா குனிந்து சீட்டின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

"ஏன் நோரா இப்படிப் பயப்படுறே? பெட்டிதான் இருக்கே."

"பயமா இருக்குங்க. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

இதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார். பொம்பளைகளுக்கு மெஷின்மேல் நம்பிக்கை வராது, என்ன செய்வது என்பார். பக்கத்தில் நோரா நின்றால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். நோயல் மட்டும் ஒரு நாள் நோராவின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, என்னக்கா இப்படிக் காய்ச்சுப்போயிருக்கு என்று கேட்டார். நோரா வாயைத் திறப்பதற்கு முன்பே, மாவு பிசைகிற கை அப்படித்தான் இருக்கும் என்று ஞானசேகரன் பதில் சொல்லிவிட்டார்.

அக்டோபரில் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டுக்கு முட்டை போடாத கேக் ஒன்று போனது. வீட்டுக்காரர் சீனிவாசராகவன். தாத்தா காலத்தில் மைசூர் சமஸ்தான வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவர் பீன்யாவில் வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் பெரிய எஞ்சினியர். இது தெரிந்ததும் ஞானசேகரன் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பெட்டியைப் பற்றிப் பேசினார். கேக் உருக ஆரம்பித்தது. சீனிவாசராகவன் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், இதே காரியத்தைக் கம்ப்யூட்டரை வைத்துச் செய்யத் தங்கள் ஆட்கள் ஒரு வருஷமாகத் திணறிக்கொண்டிருப்பதாகவும், வருகிற சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். சரியாக இருந்தால் பெட்டியை ஞானசேகரன் பெயரிலேயே கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவாராம்.

ஞானசேகரனுக்கு அந்த வாரம் தூக்கம் இல்லை. வண்டியை இரண்டு தடவை கழுவினார். தொழிற்சாலை டூல்ரூமில் போட்ட நீலக் கோட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டார். ஒரு எஞ்சினியர் வாயால் அந்த வார்த்தை வரப்போகிறது. இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோரா மெதுவாக ஆரம்பித்தாள். நானும் வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றார். பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். அது பார்க்க நன்றாக இருக்காது, அவருக்கு சீட் வேண்டும் என்றார். சனிக்கிழமை காலையில் இட்லி வைக்கும்போது மறுபடி கேட்டாள்.

"ஏங்க, போறதுக்கு முன்னாடி அந்த மோட்டாரை ஒரு தடவை கழட்டிப் பாத்துருங்களேன்."

"மூணு மாசமா ஓடுற மோட்டாரை எதுக்குக் கழட்டணும்?"

"இல்ல, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"உனக்கு எப்பவும் ஒரு மாதிரிதான். நீ சீட்டைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா, வந்த மனுஷன் வண்டியைப் பத்தி என்ன நெனப்பாரு? இன்னைக்கு ஒரு நாள் ரிச்சர்ட்ஸ் டவுன்ல உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா."

நோரா இட்லித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி" என்றாள். அந்த சரியைப் பிறகு எத்தனையோ தடவை அவர் திரும்ப நினைத்துப் பார்த்ததுண்டு. அதற்குள் எவ்வளவு இருந்தது என்று நிதானமாக விசாரித்திருக்கலாம். அவர் அப்போது கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

சோதனைக்குக் கல்கெரே ஏரிக்கரைப் பள்ளத்தையே தேர்ந்தெடுத்திருந்தார். ராசியான பள்ளம். சீனிவாசராகவன் சொன்ன நேரத்துக்குத் தன் வெள்ளைக் காரில் வந்து, அதைப் பத்தடி பின்னால் நிறுத்திவிட்டு, பிக்கப்பில் நோராவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைத் தேடினார். இல்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஞானசேகரன் பள்ளத்தில் இறக்கினார். இடது சக்கரம் சுற்றியது. சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. மோட்டார் உறுமியது. வண்டி அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். மோட்டார் இன்னும் உறுமியது. சேறு பின்னால் பறந்து வெள்ளைக் காருக்கு அழகாகச் செம்மண் அடித்தது.

"இந்த லைட் எரியறதே, அது என்ன சொல்றது?" என்று கேட்டார் சீனிவாசராகவன்.

"இடது சக்கரம் வழுக்குதுன்னு சொல்லுது சார்."

"அது நமக்கே தெரியறதே."

பெட்டி கொஞ்சம் சூடாக வேண்டும் என்றார் ஞானசேகரன். பத்து நிமிஷம் சூடாக்கினார். சூடானது வண்டி எஞ்சின்தான். சக்கரம் பாதி மறைந்துவிட்டது. நீலக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. என்றைக்கும் இப்படிச் செய்ததில்லை சார், என்றைக்கும் இப்படிச் செய்ததில்லை என்று அவர் இரண்டாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது, கரைமேல் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது நோயல். பின்னால் நோரா. கையில் காபி பிளாஸ்க்.

அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் வந்தேன் என்றாள். ரிச்சர்ட்ஸ் டவுன் அதற்கு நேர் எதிர்த் திசை. சார், மழை விட்டிருக்கு, இறங்கி ஒரு வாய் காபி குடியுங்கள் என்று சீனிவாசராகவனை நோயலிடம் ஒப்படைத்தாள். தான் ஏறி அவர் இடத்தில் உட்கார்ந்தாள். கணவரிடம் தணிந்த குரலில், "இப்ப எடுங்க, மெதுவா" என்றாள். குனிந்து சீட்டின் அடியைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏறியது.

ஞானசேகரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சூடாயிடுச்சு சார் என்று கத்தினார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். நோரா அதற்காகத்தான் அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்திருந்தாள். ஆனால் வந்தவர் உண்மையான எஞ்சினியர். எதையும் ஒரு தடவை பார்த்து நம்பாத ஜாதி. இன்னொரு தரம் பார்க்கலாமே என்று சொல்லி, நோராவை இறங்கச் சொல்லித் தான் ஏறினார். வண்டி மாட்டியது. நோராவை ஏற்றித் தான் இறங்கினார். வண்டி ஏறியது. மேடம் கனத்தினால் இருக்கலாம் என்று சொல்லி, அவளுக்குப் பதிலாக நோயலை உட்காரவைத்தார். நோயலின் கனம் நோராவைப்போல ஒன்றரை மடங்கு. மாட்டியது. மறுபடி நோரா. ஏறியது.

"ஒரு சமயத்துல ஒண்ணை மட்டுந்தான் மாத்திப் பார்க்கணும். அப்பதான் எது வேலை செய்யறதுன்னு தெரியும்" என்றார் சீனிவாசராகவன். பிறகு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி, நோராவின் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து சீட்டின் அடியைப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஞானசேகரனையும் பார்க்கச் சொன்னார்.

இரண்டு மோட்டார்களும் இத்தனை நாள் உறுமியது மட்டும்தான். உள்ளே இருந்த பல்சக்கரங்களின் பிளாஸ்டிக் பற்கள் மழுங்கிப்போய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. சரிபார்க்க வைத்த இரண்டு இரும்புப் பிடிகளிலும் பழைய திரைச்சீலைத் துணி சுற்றியிருந்தது. இடது பிடியில் துணி நைந்து, இரும்பு தெரிந்தது. அதற்குமேல் இன்னொரு துணி சுற்றியிருந்தது. அதுவும் நைந்திருந்தது.

சீனிவாசராகவன் நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. மனுஷர் நல்லவர்.

"மிஸ்டர் ஞானசேகரன், எந்தச் சக்கரம் வழுக்கறதுன்னு உங்க பெட்டி சரியாக் கண்டுபிடிக்கறது. சரியான லைட்டைப் போடறது. அது நல்ல வேலை. ஆனா பிரேக் பிடிக்கறது பெட்டி இல்லை. லைட்டைப் பார்த்து மேடம் பிடிக்கறாங்க." நோராவிடம் திரும்பிக் கேட்டார். "அதிகமா இழுத்தா எஞ்சின் நின்னுடும், கம்மியா இழுத்தா சக்கரம் நிக்காது. எவ்வளவு இழுக்கணும்னு எப்படித் தெரிஞ்சுண்டீங்க?"

நோராவுக்குக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொதல்ல கொஞ்சமா இழுப்பேன் சார். மாவு பதம் மாதிரி கைக்கே தெரியும். அந்தப் பக்கச் சக்கரம் கவ்வுனதும் விட்டுருவேன்."

சீனிவாசராகவன் பாக்கெட்டிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பானஸ்வாடி வந்த பிறகுதான் ஞானசேகரன் வாயைத் திறந்தார்.

"எப்போலேருந்து?"

"மொத நாள்லேருந்துதான். ஏரிக்கரையில கறகறன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அப்பவே மோட்டார் போச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். உங்க மூஞ்சியப் பாத்தேன், இழுத்தேன். ஏறிடுச்சு. வேலைய விட்டு வந்தப்புறம் அன்னைக்குத்தான் மொத தடவையா விசிலடிச்சீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவர் அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அது அவர் பக்கத்திலேயே, அவள் மடியில், இரண்டு உள்ளங்கைகளாக விரிந்து கிடந்தது. அவர் பார்க்கவும் பார்த்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எந்த மோட்டார் மொதல்ல போச்சு? இடதா, வலதா?"

நோரா உள்ளங்கைகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இடது" என்றாள்.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் எத்தனையோ பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறார். ஏறிய ஒவ்வொரு தடவையும் அது தன் சாமர்த்தியம் என்றுதான் கணக்கு. தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்த வருஷம். அவர் அம்மா படுக்கையில் கிடந்த வருஷம். அதிலெல்லாம் எந்தச் சீட்டுக்கு அடியில் யார் கை இருந்தது என்று நோராவிடம் கேட்க வேண்டும் என்று அன்று இரவே நினைத்தார். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டார். நோரா இருந்தவரைக்கும் அந்த நாளை வரவில்லை.

பத்து நாள் கழித்துப் பீன்யாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்பெனி முத்திரை போட்ட நீளமான கவர். தனக்குத்தான் என்று பிரித்துவிட்டார். பிரித்த பிறகுதான் மேல்விலாசத்தைப் பார்த்தார். திருமதி நோரா ஞானசேகரன். கடிதத்தை இரண்டு தடவை படித்துத் தன் பெயரைத் தேடினார். இருந்தது. அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்தது.

விஷயம் இதுதான். கம்பெனியின் கம்ப்யூட்டருக்குச் சக்கரம் வழுக்குவது தெரிகிறது. பிரேக்கைப் பிடிக்கவும் தெரிகிறது. எவ்வளவு பிடிப்பது, எப்போது விடுவது என்பதில்தான் ஒரு வருஷமாகத் தகராறு. ஆகையால் மேடம் தயவுசெய்து மூன்று நாள் வந்து, தங்கள் சோதனை வண்டியில் உட்கார்ந்து, தம் கையால் இழுத்துக் காட்ட வேண்டும். பிடியில் ஒரு அளவு மீட்டர் பொருத்தி, அவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை எஞ்சினியர்கள் பதிவு செய்துகொள்வார்கள். உரிய மரியாதை செய்யப்படும். பெட்டியில் உள்ள விளக்கு ஏற்பாடும் பாராட்டத்தக்கது.

விளக்கு பாராட்டத்தக்கது. அந்த வரியை ஞானசேகரன் நோராவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். நோரா போக மாட்டேன் என்றாள். எனக்கு இங்கிலீஷ் வராது, டிசம்பர் கேக்குக்குப் பழம் ஊறப்போட வேண்டும், எஞ்சினியர்களுக்கு நடுவில் நான் போய் என்ன பேசுவேன் என்றாள். அவர்தான் விடாமல் கிளப்பினார். நான் கூட வருகிறேன், நுணுக்கமான கேள்வியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியம் சொன்னார். நீலக் கோட்டை மறுபடியும் இஸ்திரி போட்டார். மோட்டாருக்கு வெண்கலத்தில் புதுப் பற்கள் வெட்டி, அதை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார். நாலு எஞ்சினியர்கள் ஒன்றாக இருக்கிற இடம். ஒருத்தராவது கேட்பார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பீன்யாவில் கம்பெனி கேட். வாட்ச்மேன் நோட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து டை கட்டிய இரண்டு இளைஞர்கள் ஓடிவந்து, வாங்க மேடம், வாங்க மேடம் என்றார்கள். நோராவின் பெயரை வாட்ச்மேன் நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அவள் சேலையில் ஒரு அட்டையைக் குத்தினார்கள். அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவரும் வருவார் என்று சொன்னாள். இதோ வரச் சொல்கிறோம் மேடம் என்று சொல்லி, இரண்டு பேரும் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். நோரா நடந்துகொண்டே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஞானசேகரன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். தன் பெயர், இருபத்தாறு வருஷ அனுபவம், பெட்டி, காந்தம், விளக்கு, வெண்கலப் பற்கள் எல்லாவற்றையும் கன்னடத்தில் விளக்கினார். வாட்ச்மேன் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு நீலக் கோட்டையும், கையில் ஆடிக்கொண்டிருந்த வண்டிச் சாவியையும் பார்த்தார். மரியாதையாகவே கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தைக் காட்டினார்.

மரத்தடியில் ஆளுக்கொரு கார் சாவியோடு வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தார். பீடிக் கட்டை நீட்டினார். பிறகு சிநேகமாகக் கேட்டார்:

"உங்க மேடம் எந்த டிபார்ட்மெண்ட்டுங்க?"